நிரோஷா வந்தால் ஓடும் கொம்பியூட்டர்

பொறாமையிலும் கௌரவமான பொறாமை, கௌரவமில்லாத பொறாமை என்று இரண்டு உண்டு. அடுத்தவளின் நகையைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, பிள்ளையின் பரீட்சைப் புள்ளியைப் பார்த்து வருவதெல்லாம் கௌரவமானது. நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்ளலாம். நானோ, ஒரு பழைய கொம்பியூட்டர் என்னிடம் மட்டும் அடம்பிடித்துவிட்டு இன்னொருத்தியிடம் ஒழுங்காக நடந்துகொண்டதற்காக மாதக்கணக்கில் வயிறெரிந்தவள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த இன்னொருத்தி வெளியாளாக இருந்தாலாவது பரவாயில்லை. என் ஓரகத்தி அவள். கணவரின் தம்பி மனைவி, நிரோஷா.

அந்தக் கொம்பியூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்ததே அவள் கணவன் ரமேஷின் புண்ணியத்தில்தான். அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். கடைக்குப் புதிது வாங்கியபோது, பழையதை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மரக்கறி இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பும் லொறியில் ஏற்றி அனுப்பிவைத்தான். அண்ணி படிக்கிறாங்க, அவங்களுக்கு உதவும் என்றானாம்.

நான் அப்போது பாலர் கல்வி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்போம். அதன் பொறுப்பாளர் ஓய்வுபெறப் போகிறார் என்றும், அடுத்து வருகிறவருக்கு டிப்ளோமா கட்டாயம் என்றும் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருக்கும் என் கணவர் செய்தி கொண்டுவந்தார். பாப்பாவுக்கு ஒன்றரை வயது. அவளைக் கூடவே வைத்துக்கொண்டு, நடந்து போகும் தூரத்தில் பார்க்கக்கூடிய உத்தியோகம் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். அதை விட்டால், அடுத்த பொறுப்பாளர் ஓய்வுபெறும்போது பாப்பாவே விண்ணப்பிக்கும் வயதுக்கு வந்திருப்பாள். வகுப்புகளும் எழுதி அனுப்பும் ஒப்படைகளும் கடைசி நேர்முகப் பரீட்சையும் எல்லாமே நெட்டில். ஆகவே என் எதிர்காலம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

நாங்கள் இருப்பது நோட்டன் பிரிட்ஜ் பக்கம். மின்சாரம் எடுக்கத் தேக்கி வைத்திருக்கும் தண்ணீர் எங்கள் ஜன்னலுக்கு நேர்கீழே தெரியும். அந்தத் தண்ணீர் முழுவதும் முதலில் எங்கள் கூரைமேல் விழுந்துவிட்டுத்தான் அங்கே போகிறது என்பது என் கணிப்பு. மழைக்காலம் தொடங்கினால் துணி காயாது. பெரியவர்கள் ஈரத்தோடு உடுத்திக்கொண்டு சமாளிக்கலாம். குழந்தைக்கு முடியுமா? ஒரு தும்மல் கேட்டாலே எனக்குள் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு பயணம் நடந்துவிடும். அதனால் வீட்டில் எங்கே சூடு தென்பட்டாலும் அங்கே பாப்பாவின் துணி தொங்கும். அடுப்புக்கு மேலே ஒரு கொடி. பிரிஜ்ஜுக்குப் பின்னால் ஒரு கம்பி. இந்தத் தேடலில்தான் கொம்பியூட்டர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து இதமான சூட்டுக் காற்று வருவதைக் கண்டுபிடித்தேன். பாப்பாவின் காலுறையை அங்கே தொங்கவிட்டால், ஒரு பாடம் முடிவதற்குள் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். படிப்பும் நடக்கிறது, வீட்டு வேலையும் நடக்கிறது என்று எனக்குப் பெருமையான பெருமை. சுவரில் ஆணியடித்துக் கயிறு கட்டினேன். பிறகு, பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகள் மட்டும் சும்மா இருப்பானேன் என்று அங்கேயும் ஒரு பெனியனைச் சார்த்தினேன்.

(வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள் நான்.)

எழுத்து வேலை செய்தால் அந்தப் பெட்டி ஒன்றும் செய்யாது. நெட்டுக்குப் போய் நாலைந்து பக்கங்களைத் திறந்து, ஒரு வகுப்பு வீடியோவையும் ஓடவிட்டால் ஆரம்பிக்கும். முதலில் அம்புக்குறி தயங்கும். பிறகு வட்டம் சுற்றும். பிறகு வட்டமும் நின்றுவிடும். பிள்ளை உளவியல் எடுக்கும் விரிவுரையாளர் பாதிக் கண் மூடி, உதட்டைக் குவித்து, தேவாங்கு மாதிரி அப்படியே நிற்பார். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் உண்மையில் எப்படி இருப்பார் என்பதே எனக்கு மறந்துபோனது.

கணவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அணைத்துவிட்டு மறுபடி போடுவது. நான் அப்படி விடுகிறவள் இல்லை. போனில் தேடித் தேடி வாசித்தேன். பழைய பக்கங்களின் பதிவுகளை அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். தேவையில்லாததை நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன். (அதில் என் ஒப்படை ஒன்றும் போனது.) வைரஸ் தேடும் மென்பொருளை இறக்கி ஓடவிட்டேன், அது பாதி தேடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி நின்றது. வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குக் காட்டும் சாம்பிராணியை அதற்கும் ஒரு சுற்றுக் காட்டினேன். சாம்பிராணியில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. காட்டாமல் விட்டு, அதனால்தான் நிற்கிறதோ என்று பிறகு யோசித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இப்படி நான் போராடிக்கொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் நிரோஷா வருவாள்.

அவளும் எங்கள் மாமியாரான அத்தையும் மேட்டு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். அங்கே சிக்னல் கிடையாது. அதனால் கிழமைக்கொருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, பெரிய திரையில் ரமேஷோடு முகம் பார்த்துப் பேசுவாள். பேசினால் சாமானியமாக முடியாது. அவன் சாப்பிட்ட மீன்குழம்பிலிருந்து ரூமில் கடித்த மூட்டைப்பூச்சி வரை பேசுவார்கள். (என் கணவர் என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறார். "கறிக்கு உப்பு பத்தல" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.) பேசி முடித்ததும் ஜாக்கெட் டிசைன் பார்ப்பாள், ஐசிங் கேக் பார்ப்பாள், பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டே போவாள். அந்தக் கொம்பியூட்டர் ஒரு முறை, ஒரே ஒரு முறை, நிற்க வேண்டுமே. நிற்காது. அவள் விரல் படும் இடமெல்லாம் பூ மாதிரி விரியும்.

எனக்கு அடிவயிறு எரியும். அந்தப் பெட்டி என்னைத்தான் வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறது என்று நிஜமாகவே நம்பத் தொடங்கினேன். அவள் போனதும், அவள் தொட்டது போலவே, இரண்டு விரலால் மெல்லத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை விரிவுரையாளர் மறுபடி தேவாங்கானார்.

"நிரோஷா கைக்கு ஒரு ராசி இருக்கு" என்றார் என் கணவர். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அத்தை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அது வேதமாகிவிட்டது. மேட்டு லயத்தில் யார் கத்தரி நாற்று நட்டாலும் முதல் நாற்று நிரோஷா கையால். யாராவது புது அடுப்பு வைத்தால் முதல் நெருப்பு நிரோஷா கையால்.

இங்கே நான் ஒரு விஷயம் சொல்லவேண்டும். நிரோஷாவின் வீடு எந்நேரமும் துடைத்து வைத்த வெண்கலம் மாதிரி இருக்கும். ஒருமுறை அவள் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா வீட்டுல மட்டும் எப்பவும் துணி காயாமலே இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து, ஞாயிறு காலையில் வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டதுமே, அடுப்படியிலும் பிரிஜ்ஜிலும் கொம்பியூட்டரிலும் தொங்குகிற அத்தனையையும் வாரிச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிவிட்டது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். திருத்துகிற சிங்களத் தம்பி அதை மேசையில் வைத்து, நெட்டில் இருந்த எல்லாவற்றையும் திறந்தான். மத்தியானம் முழுவதும் ஓடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, நில்லு, நில்லு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. "மொகுத் நே மிஸ், ஹொந்தய்" என்றான். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து வயர்களைப் பூட்டி, ஈரக் காலுறைகளைப் பின்னால் மாட்டி, நெட்டுக்குப் போனேன். நின்றது.

"அப்ப கோளாறு பெட்டியில இல்ல" என்றார் கணவர், மிகவும் மெதுவாக.

நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். வீடியோவில்தான். இணைப்பு இடையில் அறுந்தால் அடுத்த தடவைதான் என்று கடிதத்தில் தெளிவாக இருந்தது. அடுத்த தடவை வருவதற்குள் பிள்ளைக் காம்பராவுக்கு வேறு ஆள் வந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே, "நிரோஷாவ வரச் சொல்லி பக்கத்துல உக்கார வச்சுக்கலாமா?" என்றார்.

"எதுக்குங்க? படிச்சது நாந்தானே."

"படிச்சது நீதான். ஓடவைக்கிறது அவதானே."

கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் அடித்ததில்லை. அந்த வாக்கியம் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. அவள் வந்து உட்கார்ந்தால் நான் பரீட்சைக்கே உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டினார். (அவர் தலையாட்டினால் கேட்டதாக அர்த்தம், ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை. இது அப்போது எனக்குத் தெரியாது.)

மறுநாள் மழை. பாப்பா விடியும்போதே எல்லாவற்றையும் நனைத்து வைத்திருந்தாள். விருந்தாளி யாரும் வரப்போவதில்லை என்ற நிம்மதியில், துவைத்த அத்தனையையும் கொம்பியூட்டருக்குப் பின்னால் தொங்கவிட்டேன். நீளக் காலுறை, பெனியன், ஜட்டி, கம்பளித் தொப்பி. பார்த்தால் பெட்டிக்கே குளிருக்குப் போர்த்திவிட்டது மாதிரி இருந்தது. பாப்பாவைக் கணவர் வராந்தாவில் வைத்துக்கொண்டார்.

திரையில் பரீட்சை எடுக்கும் ஒரு மேடமும் ஒரு சேரும் வந்தார்கள். ஆரம்பக் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். பிறகு மேடம், எங்களைச் சின்னப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டு யானையைப் பற்றி ஒரு விளையாட்டுப் பாடம் நடத்துங்கள் என்றார். எழுந்து நின்றேன். வலது கை தும்பிக்கை, இடது கை காது, கன்னத்தை ஊதி, ஒரு காலைத் தூக்கி, அசைந்து அசைந்து இரண்டு எட்டு வைத்தேன்.

அம்புக்குறி தயங்கியது. மேடத்தின் பேனா அந்தரத்தில் நின்றது. சேர் தேநீர்க் கோப்பையை உதட்டில் வைத்தபடி உறைந்தார். திரையின் மூலையில், கன்னம் உப்பி, ஒற்றைக் காலில் நான்.

என் புத்தி போன போக்கைச் சொல்லவேண்டும். இங்கே நின்றுவிட்டது சரி, அங்கேயும் நின்றிருக்குமா? ஒருவேளை எனக்கு மட்டும் நின்று, அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தால்? பாதியில் தும்பிக்கையை இறக்கினால் புள்ளி குறைத்துவிடுவார்களோ? ஆகவே நான் அசையவில்லை. கால் நடுங்க, கன்னம் வலிக்க, கண்ணில் நீர் முட்ட, யானையாகவே நின்றேன். பாப்பாவோடு நடந்து போக இருந்த அந்தக் காலைப்பொழுதுகள் எல்லாம் ஒவ்வொன்றாக என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

அப்போது வாசலில் குடையை உதறும் சத்தம். "அக்கா, அண்ணன் வரச் சொன்னாங்க" என்று நிரோஷாவின் குரல்.

அழுகையும் ஆத்திரமும் வந்தன. ஆனால் அவற்றுக்கு முன்னால் கை போய்விட்டது. யானை ஒரே பாய்ச்சலில் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்து, கயிறும் ஆணியுமாக அத்தனை துணியையும் பிடுங்கி வாரியது. தோசைக்கல்லில் இருந்து எடுத்தது மாதிரி கொதித்தது. குனிந்து கட்டிலுக்கடியில் தள்ளப் போகையில், எனக்குப் பின்னால் விசிறி விர்ரென்று ஊதத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேடத்தின் குரல்.

"சுகந்தி, இப்ப உங்கட முதுகு நல்லா தெரியுது. யானை எங்க போயிற்று?"

திரும்பினேன். இரண்டு கையும் நிறையப் பாப்பாவின் உள்ளாடைகள்.

"அது என்ன, கற்பித்தல் உபகரணமா?" என்றார் சேர்.

"ஆமாங்க சேர்" என்றேன். வாய்தான் சொன்னது. சொன்ன பிறகு வேறு வழியில்லை. நீளக் காலுறையைக் கையில் மாட்டித் தும்பிக்கை செய்தேன். இரண்டு ஜட்டிகள் காதுகளாயின. கம்பளித் தொப்பி யானைக்குட்டி. ஈரம் இன்னும் முழுதாகக் காயாததால் தும்பிக்கையிலிருந்து ஆவி கிளம்பியது. சேர் சிரிப்பை அடக்கக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். வாசலில் நிரோஷா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் என் கணவர், தேர்தலில் வென்றவர் முகத்தோடு.

கையில் அந்தச் சூட்டோடுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவளுக்காக நான் துணியை எடுக்கிறேன். துணியை எடுத்ததால் காற்று போகிறது. காற்று போவதால் ஓடுகிறது. இத்தனை மாதமும் அவள் கைராசி என்று இவர்கள் கொண்டாடியது என் வெட்கத்தைத்தான்.

பரீட்சை முடிந்ததும் சொன்னேன். கணவர் நம்பவில்லை. சாயங்காலம் அத்தையையும் வரவழைத்து, எல்லார் முன்னாலும் நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று துணிகளைப் பழையபடி மாட்டி, நெட்டில் பத்துப் பக்கங்களைத் திறந்தேன். காத்திருந்தோம். நிற்கவில்லை. சூடேற நேரமெடுக்கும் என்றேன்.

"நிரோஷா இங்கின குத்தவச்சிருக்கா. பெறகு எப்படி நிக்கும்?" என்றார் அத்தை.

"சரி, அவ குசினிக்குப் போகட்டும்" என்றேன். அவள் எழுந்து போனாள். போன கையோடு, அதுவரை சூடேறிக்கொண்டிருந்த கொம்பியூட்டர் பொசுக்கென்று நின்றது.

அத்தை என்னையும் குசினி வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பதறிப்போய்த் துணிகளைப் பிடுங்கினேன். விசிறிச் சத்தம் கேட்டு, என்னாச்சு என்று நிரோஷா தலையை நீட்டவும், அது ஓடத் தொடங்கவும் சரியாக இருந்தது.

"படிச்ச புள்ளைக்கு இம்புட்டுப் பொறாம ஆகாதும்மா" என்றார் அத்தை.

குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது நிரோஷா பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும். நீங்க படிச்சவங்க. ஆனா இனிமே அத்தகிட்ட அதச் சொல்லிராதீங்க."

"ஏன்?"

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து மூத்தவ மாதிரி உனக்குப் படிப்பில்ல, மூத்தவ மாதிரி உனக்குப் படிப்பில்லன்னு கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. இந்தக் கைராசிக்குப் பெறகுதான் எனக்கு ஊத்துற டீயில பால்மா கொஞ்சம் தாராளமா விழுது."

என்னைப் பார்த்து இன்னொருத்தி இத்தனை நாளாக வயிறெரிந்திருக்கிறாள். இதைக் கேட்டு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். கண்கலங்கி அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், யாரிடமும் இனிச் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பரீட்சையில் தேறினேன். வீட்டில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு உபகரணம் தயாரித்ததற்கு விசேஷப் பாராட்டு. பிள்ளைக் காம்பரா இப்போது என் பொறுப்பில். பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போய் வருகிறேன். எங்கள் வீட்டில் எது நின்றாலும், கணவரின் மோட்டார் சைக்கிளோ, தண்ணீர் மோட்டரோ, "நிரோஷாவுக்கு ஆளனுப்பு" என்கிறார்கள். நான் எதையாவது விளக்க வாயெடுத்தால், "சுகந்திக்கு மறுபடி துணி ஞாபகம் வந்துருச்சு" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். புதிதாக உறவாகிறவர்களுக்கும் இந்தக் கதை முதல் நாளே சொல்லப்படுகிறது.

போன வருடம் பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு புதுக் கொம்பியூட்டர் வந்தது. அதை முதன்முதலாக யார் போட்டு வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. லயத்துத் தாய்மார் எல்லோரும் ஒரே குரலில் நிரோஷா என்றார்கள். பொறுப்பாளர் என்ற முறையில் நானே மேட்டு லயத்துக்கு ஏறிப்போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். பட்டுச்சேலையில் வந்தாள். வலது கை விரலால் பொத்தானை அழுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

அது இன்றுவரை ஒருமுறைகூட நின்றதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.